சூளைக்காரியின் ஒரு வரி

புடாபெஸ்ட்,
நவம்பர் 1934

அன்புள்ள எதெல்கா அக்காவுக்கு, தம்பி கெதெயோன் உன் கைகளை முத்தமிட்டு எழுதுவது. இங்கே நான் சுகமில்லை. அங்கே நீயும் அத்தானும் மாக்கோ ஊர் வெங்காயமும் சுகம்தானே?

என் புதிய நாடகம் ஜெயித்துவிட்டது. ஆகையால் நாடகம் எழுதுவதை விட்டுவிட்டேன். அத்தானிடம் சொல்லி, உங்கள் ரயில் நிலையத்தில் எனக்கு ஒரு குமாஸ்தா வேலை பார்க்கச் சொல். சிரிக்காதே, விஷயத்தைக் கேள்.

செங்கல் சூளைப் பெண்களைப் பற்றிய நாடகம் அது. புறநகர்ச் சூளையில் மண் சுமக்கும் ரொஸாலியாவிடம் மூன்று மாதம் கதை கேட்டு எழுதினேன். அவளுக்குத் தொல்லை வரக்கூடாதே என்று பெயரை மாற்றினேன், வயதைக் குறைத்தேன், சூளையையே தூக்கி வேறு ஊரில் வைத்தேன், முதலாளிக்குத் தாடிகூட ஒட்டினேன். "எங்க ரொட்டியக் கடிச்சாலும் செங்கத்தூள்தான்யா நெருடுது" என்று அவள் சொன்னதை மட்டும் மாற்ற மனசு வரவில்லை. அப்படி ஒரு வரி எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது, அந்தப் பேராசைதான். நாடகக் கம்பெனி முதலாளி போதோக் வேறு, "கோவத்தோட போறவன் திரும்பி வரமாட்டான், அழுதுட்டுப் போறவன் குடும்பத்தோட வருவான்" என்று விடாப்பிடியாக நின்று, கடைசிக் காட்சியில் அவள் சூளை முதலாளியை மன்னிப்பதாக எழுத வைத்தார்.

முதல் நாளே நிஜச் சூளை முதலாளி வந்து உட்கார்ந்தார். முதல் அங்கத்திலேயே அழுதார். இடைவேளையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்படியும் ஈவிரக்கமில்லாத ஒருத்தன் இருப்பானா தம்பி?" என்று மூக்கைச் சிந்தினார். இரண்டாம் அங்கத்தில் அந்த வரி வந்தது. போன குளிர்காலத்தில் கூலி உயர்வு கேட்கப் போனபோது அவரிடமும் அவள் அதையே சொல்லியிருக்கிறாள், எனக்குத் தெரியாது. அவர் கண்ணீர் சட்டென்று நின்றுவிட்டது. ஆனாலும் முடிவில் அவரே ஆரம்பித்துவைக்க, அரங்கம் முழுக்க ஒரே தாளத்தில் கைதட்டியது. நான் எட்டு முறை குனிந்து வணங்கினேன், மடையன்.

மறுநாள் காலை மேஸ்திரி அவளிடம், "நீதான் பெரிய நாடகக்காரி ஆயிட்டியே, அங்கயே போய்ப் பொழச்சுக்க" என்று துரத்திவிட்டான். வேலை போனதும் சூளைக் குடியிருப்பில் இருந்த அறையும் போயிற்று. இரண்டு பிள்ளைகளோடு தங்கை வீட்டு அடுப்படியில் படுத்திருக்கிறாள். கசகசா ரொட்டி வாங்கிக்கொண்டு போனேன், கதவைத் தட்டத் தைரியமில்லாமல் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். ஏழைகளுக்காக எழுதுகிறவன் என்று ஊரெல்லாம் பெயர். என்னைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது, அக்கா.

கடவுள் உங்களை நல்லபடி வைத்திருக்கட்டும். என்னைப் போன்றவர்களிடமிருந்தும் காப்பாற்றட்டும்.

உன் தம்பி,
கெதெயோன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ரொஸாலியாவே வந்துவிட்டாள். அடிக்கத்தான் வந்தாள் என்று நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். "கடைசில நான் அந்தாள மன்னிச்சுட்டேன்னு எழுதி வச்சிருக்கீங்களாமே. நான் எப்பய்யா மன்னிச்சேன்? அதக் கோடு போட்டு அடிங்க. எம் பேரையும் சரியாப் போடுங்க, இனி எங்கிட்டருந்து புடுங்க என்ன இருக்கு?" என்றாள். எதிரேதான் உட்கார்ந்திருக்கிறாள், அந்த முடிவை மாற்றி எழுதி முடிக்கும்வரை போகமாட்டாளாம். அத்தானிடம் வேலை கேட்க வேண்டாம்.