செவலை வெளுத்த கதை

பெண் பார்க்கப் போகிறவன் பெண்ணைப் பார்த்துவிட்டு வர வேண்டும். கொடுத்த பலகாரத்தைத் தின்றுவிட்டு, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வர வேண்டும். அந்த வீட்டு நாயைப் பார்க்கக் கூடாது. பார்த்தே தீர வேண்டுமென்றால் முன்பக்கத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நான் பின்பக்கத்தையும் பார்த்தேன். வினை அங்கேதான் பிடித்தது.

அப்போது வெள்ளைக்காரன் காலம். எனக்குச் சுகாதார இலாகாவில் வேலை. பெரிய வேலையெல்லாம் இல்லை. இன்ஸ்பெக்டர் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு வரும் நாட்களில் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும். ஈ மொய்க்கிற பண்டத்தைக் கண்டால் "மூடு, மூடு" என்று கத்த வேண்டும். (அவர் கத்தச் சொல்லாதபோதும் கத்துவேன்.) நாளடைவில், உலகத்து அழுக்கையெல்லாம் ஒழிக்கத்தான் சர்க்கார் எனக்குச் சம்பளம் கொடுக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். வீட்டில் யார் சோற்றுப் பானையைத் தொட்டாலும் "கையைக் காட்டு" என்பேன். ஒருநாள் என் அம்மா கரண்டியைக் காட்டினாள். முதுகில் இரண்டு நாள் வலித்தது.

இப்படிப்பட்டவனுக்குத்தான் கொல்லிமலையில் ஒரு பெண் இருப்பதாகச் சித்தப்பன் செய்தி கொண்டுவந்தார். திருப்புலி நாட்டில் மிளகுத் தோட்டம். பெண்ணின் அப்பா எங்கள் பக்கத்து ஆள்தான். மலையேறிப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். பெண்ணின் பெயர் நல்லம்மாள்.

"பொண்ணு லட்சணமா இருக்குதாம். ஆனா ரெண்டு எடம் வந்து தட்டிப்போச்சாம்."

"ஏனுங்க சித்தப்பா?"

"அதாருக்குத் தெரியும்? நமக்குனு இருந்தா தட்டாது. நீ மட்டும் வாயத் தொறக்காத. சுத்தம் கித்தம்னு ஆரம்பிச்சீன்னா அங்கயே உட்டுப்போட்டு வந்துருவேன்."

ஆனி மாதத்தில் கிளம்பினோம். இப்போது போல பஸ்ஸா இருந்தது? அடிவாரத்திலிருந்து நடைதான். வண்ணார் கஞ்சி போட்டு வெளுத்துக் கொடுத்த புது வேட்டியை மூட்டையில் பத்திரமாக வைத்திருந்தேன். பெண் வீட்டுக்குச் சற்று முன்னால் ஓடையில் கால் கழுவிக்கொண்டு அதைக் கட்டினேன். அந்தப் பச்சை மலையில் என் வேட்டிதான் பளிச்சென்று கண்ணைக் குத்தியது. எனக்கு அப்படியொரு பெருமை.

வாசலிலேயே நாய் எதிர்கொண்டது.

நாய் என்று பிறகுதான் தெரிந்தது. முதலில் யாரோ பழைய கம்பளியை உதறிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கம்பளி எழுந்து நடந்து வந்தது. தரையைத் தொடுகிற முடி. முகம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. செம்மண் நிறம்.

"இவன் செவலைங்க" என்றார் பெண்ணின் அப்பா. சொல்லும்போதே முகம் மலர்ந்துவிட்டது. "இங்க காப்பி போடறேன்னு வந்த தொரை வளத்தது. காப்பி வெளங்கல. உலகச் சண்ட வந்ததும் சீமைக்குக் கெளம்பிட்டாரு. போறப்ப இவன எங்கையில புடிச்சுக் குடுத்துட்டு அழுதுபோட்டாருங்க. நமக்கு ஊட்டுல ஒரு ஆளாட்டம். ராத்திரி எங்கூடத்தான் படுப்பான்."

செவலை என் வேட்டியை முகர்ந்தது. பெண்ணின் அப்பா "உஸ், வா சாமி" என்றதும் திரும்பியது. அப்போதுதான் பார்த்தேன். வாலுக்குக் கீழே நீண்ட முடியில் உருண்டை உருண்டையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. பல மாதக் காலைக்கடன்கள் தீராமல் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தன. நடந்தால் புளியங்கொட்டை குலுக்கியது போலக் கடகடவென்று சத்தம் வேறு.

"குளிப்பாட்டறதில்லீங்களா?" என்றேன். சித்தப்பன் என் தொடையைக் கிள்ளினார்.

"தொரை காலத்துல இருந்தே இல்லீங்க. சளி புடிச்சுக்கும்னு பயம்."

பலகாரம் வந்தது, பலாச்சுளை வந்தது, பெண்ணும் வந்து நிமிர்ந்து பார்க்காமல் போனாள். நான் அவளைப் பார்த்தேனா என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. செவலை என் காலடியில் படுத்திருந்தது. அந்த வாடையில் எனக்குக் கண்ணைக் கட்டியது. இருந்தும் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. பெண்ணின் அப்பா எழுந்தார்.

"அப்பறம் என்னங்க, இன்னைக்கே வெத்தல பாக்கு மாத்திக்கலாம். ஊர்ப் பெரியவங்க ரெண்டு பேரக் கூட்டிக்கிட்டு வாரேன்" என்று மலைச் சரிவில் இறங்கிப் போனார். சித்தப்பன் தின்ற பலாச்சுளைகளின் பாரம் தாங்காமல் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தார். அடுத்த நிமிஷம் குறட்டை.

இப்போது நானும் நாயும்தான். அட, சும்மா இருந்திருக்கக் கூடாதா? மாமா திரும்பி வரும்போது நாய் பளபளவென்று நிற்க வேண்டும், "மாப்பளைன்னா இவருதான் மாப்பளை" என்று அவர் அசந்துபோக வேண்டும் என்று எனக்கு ஆசை கிளம்பிவிட்டது.

சமையல்கட்டுப் பக்கம் பார்த்து, "கொஞ்சம் வெளக்கெண்ணெயும் அரப்பும் கெடைக்குங்களா?" என்றேன். உள்ளே பெண்ணின் அம்மா, என் வருங்கால அத்தை, "மாப்பளை மலையேறுன அலுப்புக்கு எண்ண தேச்சுக் குளிக்கறாராட்டம், எடுத்துக் குடு கண்ணு" என்றது கேட்டது. வளையல் போட்ட ஒரு கை கதவுக்கு வெளியே நீண்டு, எண்ணெய்க் கிண்ணத்தையும் தலைக்குத் தேய்க்கிற அரப்புத் தூளையும் வைத்துவிட்டு மறைந்தது.

செவலையைப் பலாச்சுளை காட்டி ஓடைக்கு இழுத்துப் போனேன். புது வேட்டியையும் சட்டையையும் கழற்றி மரக்கிளையில் போட்டேன். (வேட்டியைக் கழற்றினால் மிச்சம் கோவணம்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது.) முதலில் என் சீப்பால் அந்த உருண்டைகளைச் சீவிப் பார்த்தேன். சீப்பின் பல்லெல்லாம் நாயோடு போய்விட்டது. விளக்கெண்ணெய் ஊற்றி ஊற வைத்தேன். ஊறியது, ஆனால் விடவில்லை. வெட்டத்தான் வேண்டும். கத்தரிக்கு எங்கே போவது?

சித்தப்பனின் வெற்றிலைப் பையில் பாக்குவெட்டி இருந்தது.

ஓடிப்போய் எடுத்து வந்தேன். நாயின் பின்னால் குந்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக நறுக்கினேன். செவலை ஆச்சரியத்தில் அசையாமல் நின்றது. அதன் வாழ்க்கையில் அந்த இடத்தில் அவ்வளவு காற்று பட்டதே இல்லை போலிருக்கிறது. வேலை முடிந்ததும் பாக்குவெட்டியைப் பையிலேயே திரும்ப வைத்துவிட்டேன். கழுவிவிட்டுத்தான் வைத்தேன். (கழுவினேனா? இன்றுவரை ஞாபகம் வரவில்லை.)

பிறகு அரப்பு. குழைத்துத் தலை முதல் வால் வரை அப்பி, கையால் அரக்கித் தேய்த்தேன். ஓடைத் தண்ணீர் செம்மண்ணாக ஓடியது. தேய்த்தேன், இன்னும் ஓடியது. ஐயோ, இந்த நாய் முழுவதும் மண்ணால் செய்ததுதானோ, கரைந்தே போய்விடுமோ என்று எனக்குக் கிலி பிடித்தது. அந்த நேரம் பார்த்து அரப்பு அதன் கண்ணில் போயிற்று. ஒரே துள்ளு. என்னைத் தண்ணீரில் தள்ளிவிட்டுப் புதருக்குள் பாய்ந்து ஓடிவிட்டது.

கோவணத்தோடு மலையெல்லாம் "செவலை, செவலை" என்று கத்திக்கொண்டு திரிந்தேன். வெகுநேரம் கழித்துப் புதரிலிருந்து ஒன்று வெளியே வந்தது. செவலையில் பாதி உருவம். வெள்ளை வெளேரென்று, மெல்லிய கால்களோடு, ஈரமுடி உடம்போடு ஒட்டி, இரண்டு கண்களை உருட்டிக்கொண்டு நின்றது. செவலைக்குக் கண் இருந்து நான் பார்த்ததில்லை. "நீ யாரு சாமி?" என்று கேட்டே விட்டேன். அது என் மேல் உதறியது.

வேட்டியைக் கட்டிக்கொண்டு அதை வீட்டுக்குக் கூட்டிப் போகவும், பெண்ணின் அப்பா இரண்டு பெரியவர்களோடு வந்து சேரவும் சரியாக இருந்தது.

"செவலை எங்கீங்க?" என்றார்.

"இதுதானுங்க மாமா."

"எது?"

"இதுதானுங்க. குளிப்பாட்டினேன்."

அவர் நாயைப் பார்த்தார். நாய் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "செவலை, வா சாமி" என்றார். வரவில்லை. காதில் அரப்பு அடைத்திருந்தது என்று எனக்குத் தெரியும். சொன்னால் யார் கேட்பார்கள்?

"பேரே செவலைங்க! வெள்ளையா ஒரு ஆட்டுக்குட்டியக் கொண்டாந்து நிறுத்திப்போட்டுச் செவலைங்கறீங்களே! எம்பட நாயி எங்க? என்ன பண்ணுனீங்க?" சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனுஷர் கண்ணில் தண்ணீர்.

சத்தத்தில் விழித்த சித்தப்பன் ஒன்றும் புரியாமல், "ஆமாங்க, ஆமாங்க" என்றார்.

என் சுகாதார மூளை வேலை செய்தது. "மாமா, தொரை இத என்ன பேர் சொல்லிக் கூப்புடுவாருங்க?"

"சினோ, சினோம்பாரு. அதுக்கென்ன?"

"அது ஸ்னோங்க! இங்கிலீஷ்ல பனின்னு அர்த்தம். வெள்ளையா இருக்கறதுனாலதான் அந்தப் பேரு!"

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பனி எங்கீங்க வெள்ளையா இருக்குது? பனி பேஞ்சா நனையும். வெளுக்குமா?"

வந்திருந்த பெரியவர்களில் ஒருவர் மட்டும், "வெள்ளக்காரன் வளத்த நாயி, உள்ளுக்குள்ள வெள்ளையாக்கூட இருக்கலாம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

பெண்ணின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "எம்பட நாயக் கொண்டாந்து உடுங்க. அப்பறம் பொண்ணப் பத்திப் பேசலாம். இல்லீனா மல எறங்கிக்கலாம்." மூன்றாவது இடமும் தட்டிப்போகிறது. அதுவும் என் கையாலேயே தட்டிப்போகிறது.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்பா, செவலைன்னா காலத் தூக்கறதுல தெரிஞ்சுராதுங்களா?"

நல்லம்மாள்தான். விஷயம் இதுதான்: துரை தோட்டத்து எல்லைக் கற்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார். தினமும் காலையில் நாயைக் கூட்டிக்கொண்டு அந்தக் கல் வழியாகத்தான் நடப்பார். பழகிப் பழகி, செவலை வெள்ளையான பொருளைத் தவிர வேறு எதிலும் காலைத் தூக்காது. மரம், சுவர், தூண் எதையும் சீந்தாது.

"அது நாயமுங்க" என்றார் பெரியவர். எல்லோரும் வாசலுக்கு வந்தோம். வேலியோரம் ஓர் எல்லைக் கல். அதற்கு எதிரே நாயை விட்டார்கள். சித்தப்பன், பெரியவர்கள், அத்தை, பெண்ணின் அப்பா எல்லோரும் வட்டமாக நின்று மூச்சுக் காட்டாமல் ஒரு நாய் ஒன்றுக்கு இருப்பதற்காகக் காத்திருந்தோம். என் கல்யாணம் அதன் பின்னங்காலில் இருந்தது.

நாய் கல்லை முகர்ந்தது. மழையில் சுண்ணாம்பு போய்க் கல் பாசி பிடித்துப் பச்சையாக இருந்தது. வேண்டாம் என்று திரும்பிவிட்டது. பெண்ணின் அப்பா என்னை முறைத்தார். நாய் வட்டத்தைச் சுற்றிப் பார்த்தது. எல்லோர் வேட்டியும் மலைமண்ணில் பழுப்பேறியவை. ஒன்றே ஒன்றுதான் கஞ்சி போட்டுப் பளபளவென்று நின்றது.

நேராக என்னிடம் வந்தது. எனக்கு விளங்கிவிட்டது. காலைப் பின்னால் எடுக்கப் போனேன்.

"அசையாதீங்க!"

என் மனைவி என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். கதவை விட்டு வெளியே வந்து நின்று, என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள். அப்போதுதான் நானும் அவளைப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தேன். முழங்காலுக்குக் கீழே வெதுவெதுப்பாக இறங்கியது. அசையவில்லை.

"செவலையேதான்!" என்று பெண்ணின் அப்பா ஓடிவந்து கட்டிக்கொண்டார். என்னையல்ல, நாயை. "எஞ்சாமி! எங்கண்ணு!"

"கையெழுத்துப் போட்டாச்சு. அப்பறம் என்ன, தட்டக் கொண்டாங்க" என்றார் பெரியவர்.

நனைந்த வேட்டியோடுதான் எனக்கு நிச்சயம் நடந்தது. அதற்குள் சித்தப்பன் சபை நடுவில் உட்கார்ந்து, தன் பாக்குவெட்டியை எடுத்து எல்லோருக்கும் பாக்கு நறுக்க ஆரம்பித்திருந்தார். வாயைத் திறந்தேன். "வாயத் தொறக்காதன்னு சொன்னனா இல்லையா?" என்று கண்ணாலேயே அதட்டினார். மூடிக்கொண்டேன். பெரியவர்கள் ரசித்து மென்றார்கள். நான் இன்றுவரை வெற்றிலை போடுவதில்லை.

முதல் குழந்தை பிறந்த பிறகு ஒருநாள் நல்லம்மாளிடம் கேட்டேன். "எனக்கு முன்னால வந்த ரெண்டு எடமும் ஏன் தட்டிப்போச்சு?"

"எல்லாம் செவலையாலதானுங்க. அவிங்களும் வெள்ள வேட்டி கட்டிக்கிட்டு வந்தாங்க. இது காலத் தூக்குச்சு. ஒருத்தரு துள்ளி ஓடுனாரு, இன்னொருத்தரு எட்டி ஒதைச்சாரு. ஒதைச்சவர எங்கப்பா ஓடை வரைக்கும் முடுக்கிப்போட்டு வந்தாரு."

"அவிங்களுக்கும் அசையாதீங்கன்னு சொல்லியிருக்கலாமல்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"எனக்கு மட்டும் ஏன் சொன்ன?"

அவள் குழந்தையைக் கை நீட்டித் தூக்கிப் பிடித்திருந்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. "எண்ணெய் எடுத்து வெச்சது நானுங்க. பின்னாடியே வந்து மரத்துக்கு மறைவுல நின்னு பாத்தேன். கோமணத்தோட குந்திக்கிட்டு எங்க நாய்க்குக் குண்டி கழுவிக்கிட்டு இருந்தீங்க. பொண்ணு பாக்க வந்த எடத்துல நாய்க்கே கழுவி உடற ஆளு, நாளைக்குப் புள்ளைக்குக் கழுவ மாட்டேன்னா சொல்லப்போறாருன்னு நெனச்சேன். இந்தாங்க, புடிங்க."

பிடித்தேன். அதற்குப் பிறகு பிறந்த நான்கையும் பிடித்தேன். இப்போது பேரன் பேத்திகள். எவனாவது ஒருவன் என் மடியில் உட்கார்ந்து வேட்டியை நனைத்தால், வாங்கிக்கொள்ள ஒருவரும் வருவதில்லை. வீட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் "அசையாதீங்க!" என்று கூச்சல்தான் வருகிறது. எல்லாம் ஓய்ந்த பிறகு அடுப்படியிலிருந்து நல்லம்மாள் கேட்பாள்: "ஏனுங்க, கையெழுத்துப் போட்டாச்சுங்களா?"