கொள்ளுத்தாத்தா ஜாகொமோவின் மனு

மனித குலம் இதுவரை எழுதிக்கொண்ட வரலாறுகளில் முழுமையானதும், பிழையற்றதும், வழவழப்பான தாளில் அச்சானதும் எது என்று கேட்டால் நோவா வால்பியானா ஊரில் பால்குடி மறக்காத குழந்தைகூடச் சொல்லிவிடும்: சாம்பெரெட்டி குடும்ப வரலாறு. ரோமாபுரிச் சக்கரவர்த்திகளின் வரலாற்றில்கூட அங்கங்கே சந்தேகம் உண்டு. இதில் கிடையாது.

நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஜாகொமோ சாம்பெரெட்டி இத்தாலியிலிருந்து கப்பலேறி, பிரேசிலின் தென்கோடி மலைக்கு ஒரு கோடாலி, ஒரு ஜெபமாலை, ஒரு திராட்சைக் குச்சியுடன் வந்து சேர்ந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. காட்டை வெட்டினார், திராட்சை நட்டார், பத்துப் பிள்ளைகள் பெற்றார். (பெற்றது அவர் மனைவி பியெரினா. வரலாறு இதைச் சுருக்கமாகத் தொட்டுச் செல்கிறது.) இன்று வாரிசுகள் ஆயிரத்து இருநூறு பேர். ஆண்டுக்கொரு ஞாயிற்றுக்கிழமை கூடி, பூசை கண்டு, கோழியும் பொலெந்தாக் களியும் உண்டு, கிளைக்கொரு நிறமாகப் பனியன் அணிந்து, “நீங்க யாரு?” என்று பாசத்துடன் விசாரித்துக்கொள்வார்கள். பனியனின் மார்பில் குடும்பச் சின்னம்: திராட்சைக் குலையைப் பிடித்திருக்கும் சிங்கம். அது இணையத்தில் வாங்கிய சிங்கம். விவசாயி வீட்டுக்குச் சிங்கம் எப்படி வந்தது என்று ஒரு மருமகன் கேட்டார். அடுத்த ஆண்டு அவர் அளவுக்குப் பனியன் இல்லாமல் போய்விட்டது.

இத்தகைய வரலாற்றை இருபத்திரண்டு ஆண்டுகள் உட்கார்ந்து எழுதியவர் ஒலீந்தோ சாம்பெரெட்டி. நகர மன்றத்தின் செயலர். மன்ற விதிகள் அறுபத்தொன்றையும் எழுதியவரும் அவரே. ஒன்பதாம் விதி அவருக்குப் பெருமை சேர்த்தது: மன்றத்துக்கு வரும் மனுவில் பெயர் இருக்கக் கூடாது, பெயர்கள் ஒட்டிய உறையில் தனியாக இருக்க வேண்டும். காரணம் எளியது. மன்றத்தில் ஏழு உறுப்பினர்கள். ஐந்து பேர் சாம்பெரெட்டிகள், இரண்டு பேர் சாம்பெரெட்டி வீட்டு மாப்பிள்ளைகள். பெயர் தெரிந்தால் நியாயம் எங்கே கிடைக்கும்?

அந்த ஆண்டு விழாவுக்குச் சில மாதங்கள் முன்பு ஒலீந்தோவுக்குப் புதையல் ஒன்று கிடைத்தது. தலைநகரத்து ஆவணக் கட்டு ஒன்றில், குடியேற்ற அதிகாரிக்குக் கொள்ளுத்தாத்தா சொல்லச் சொல்ல யாரோ எழுதிய மனு. கீழே கையெழுத்துக்குப் பதில் பதினோரு பெருக்கல் குறிகள். பழைய வட்டார மொழி, கோழி கிளறிய எழுத்து. ஊரில் அதை வாசிக்கத் தெரிந்தவர் ஒலீந்தோ ஒருவர்தான். வாசித்தபோது அவருக்கு முதலில் திக்கென்றது. யாரிடமும் எதுவும் கேட்காத கொள்ளுத்தாத்தா அதில் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். இரண்டாம் முறை வாசித்தபோது, இருபத்திரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக அந்த மனிதர்மேல் அவருக்கு அன்பு வந்தது. புத்தகத்தின் நாற்பத்தேழாம் பக்கத்தை அந்த மனுவுக்கென்று ஒதுக்கினார். இடப்பக்கம் மூலத்தின் படம், எதிரே போர்த்துகீசிய மொழிபெயர்ப்பு.

திங்கட்கிழமை காலை அவர் மொழிபெயர்ப்பைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது கெர்லின் வந்தாள். ஹைட்டி நாட்டிலிருந்து வந்து, ஊருக்கு வெளியே இருக்கிற கோழி வெட்டும் ஆலையில் வேலை செய்பவள். கையில் பென்சிலால் எழுதிய மனு.

“பென்சில்ல எழுதினா மன்றம் வாங்காதும்மா. இருபதாம் விதி.”

“அந்த விதியை யார் சார் போட்டது?”

“நான்தான். குடு, நானே அடிச்சுத் தரேன்.”

அவளும் அவளைச் சேர்ந்தவர்களும் கேட்டது குடியேறிகள் கொட்டகையை. கொள்ளுத்தாத்தாவும் மற்றவர்களும் வந்த புதிதில் தங்கிய மரக்கொட்டகை அது, இப்போது அருங்காட்சியகம். விழா நாளில் திறப்பார்கள், மற்ற நாட்களில் வரலாறு காற்று வாங்காமல் பத்திரமாக இருக்கும். ஒலீந்தோ இரண்டாவது மனுவையும் அடித்தார். இரண்டும் ஒரே அச்சுப்பொறியில், ஒரே தாளில், பெயரில்லாமல் வந்து விழுந்தன. இரண்டும் ‘மாண்புமிகு ஐயா, நாங்கள் பதினோரு குடும்பங்கள். கடல் தாண்டி வந்தோம்’ என்றே தொடங்கின. வரலாற்றுக்குச் சில சமயம் சோம்பல் வந்துவிடும், பழைய எண்ணையே மறுபடி எடுத்துப் போடும். ஒலீந்தோ ஒன்றை மன்றத்துக்கான நீல உறையிலும் மற்றதை அச்சகத்து உறையிலும் போட்டுவிட்டு, ‘இன்றோடு என் கடமை முடிந்தது’ என்று காப்பி குடிக்கப் போனார்.

வியாழக்கிழமை மன்றம் கூடியது. தலைவர் இவோனெத்தே சாம்பெரெட்டி, ஒலீந்தோவின் சித்தப்பா மகள், நீல உறையைப் பிரித்துத் தானே வாசித்தார். அவருக்குத் தன் குரல்மேல் மரியாதை உண்டு.

“‘வரும்முன் சொன்னது ஒன்று, வந்தபின் கண்டது வேறு. எங்கள் பேச்சைக் கேட்டு இங்குள்ளவர்கள் சிரிக்கிறார்கள். இங்கே தரும் கறுப்பு அவரை பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மாவு அனுப்பவும்.’”

குறிப்பெழுதிக்கொண்டிருந்த ஒலீந்தோவின் பேனா நின்றது. அந்த அவரையை அவருக்குத் தெரியும். கையைத் தூக்கினார்.

“செயலர் அவர்களே, மனு வாசிக்கும்போதும் விவாதத்தின்போதும் செயலர் பேசக் கூடாது. பதினேழாம் விதி.”

“தங்கச்சி, அது வந்து...”

“மன்றத்துல தங்கச்சி கிடையாது. பதினெட்டாம் விதி. கையை இறக்குங்க.” அவர் தொடர்ந்தார். “‘குளிர் முடியும்வரை நாங்கள் கொட்டகையிலேயே இருக்க அனுமதிக்க வேண்டும். கொட்டகையில் குடித்துச் சத்தம் போடுகிறோம் என்று புகார் சொல்கிறார்களாம். அது பாட்டு. பக்கத்துப் பண்ணைக் கோழியை நாங்கள் திருடவில்லை. கோழி தானாக உள்ளே வந்தது.’”

மன்றத்தில் சிரிப்பு எழுந்தது. மர அறுவை ஆலை வைத்திருக்கும் வால்டோமிரோ சாம்பெரெட்டி எழுந்தார். அவர் எழுந்தால் நாற்காலியும் கூடவே எழும்.

“கோழி தானா வந்துச்சாம்பா. நம்ம வீட்டுக்கு ஒரு நாளாவது தானா வந்திருக்கா?”

“அவரை ஒத்துக்கலையாம்,” என்றார் ஒரு மாப்பிள்ளை. “குடுக்கிறதைத் தின்னாம நொட்டை சொல்ற கூட்டம். மாவு அனுப்பணுமாம்ல, மாவு.”

“எங்க கொள்ளுத்தாத்தா ஜாகொமோ,” என்று வால்டோமிரோவின் குரல் தழுதழுத்தது, “ஒரு பிடி மாவுக்காக எவன் வாசல்லயாவது நின்னிருப்பாரா? சொல்லுங்கப்பா. இந்த மாதிரி ஆளுங்க அன்னைக்கு வந்திருந்தா இந்த ஊரு உருப்பட்டிருக்குமா?”

ஒலீந்தோவின் காது மடல் சிவந்தது. கொள்ளுத்தாத்தாவை இப்படி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி யாரும் பேசி அவர் கேட்டதில்லை. ஆனால் பதினேழாம் விதி தெளிவாக இருந்தது. அதில் ஓட்டை இருந்தால் அவருக்குத்தானே முதலில் தெரியும்.

தீர்மானத்தை இவோனெத்தே வாயால் சொல்ல, ஒலீந்தோ எழுதினார்: மனு தள்ளுபடி. மனுதாரர்கள் நன்றிகெட்டவர்கள், உழைப்பில் நாட்டமில்லாதவர்கள். கொட்டகையில் அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை.

“இன்னொரு வரி சேருங்க,” என்றார் இவோனெத்தே. “‘அவர்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும்.’ இல்லேன்னா நாளைக்குப் பேரன் வந்து நிப்பான்.”

ஆறு கைகள் உயர்ந்தன. ஏழாமவர் தூங்கிக்கொண்டிருந்ததால் அவர் கையைப் பக்கத்தில் இருந்தவர் உயர்த்தினார். ஏகமனதாக நிறைவேறியது.

கூட்டம் முடிந்ததும் ஒலீந்தோ அச்சகத்துக்குத் தொலைபேசினார். எண்ணூறு பிரதியும் அச்சாகி, தைத்து, கெட்டி அட்டை ஒட்டிக் காய்ந்துகொண்டிருந்தன. நாற்பத்தேழாம் பக்கத்தை வாசித்துக் காட்டச் சொன்னார். அச்சகத்துக்காரர் கெர்லினின் மனுவை வாசித்து முடித்து மூக்கை உறிஞ்சினார். “உங்க பெரியவரு என்னமா எழுதியிருக்காரு சார்,” என்றார்.

உண்மையைச் சொன்னால் இருபத்திரண்டு ஆண்டு உழைப்பு பழைய பேப்பர் கடைக்குப் போகும். சொல்லாவிட்டால் கெர்லினின் மனு, சபை காணாமலே செத்துவிடும். வெள்ளிக்கிழமை கெர்லின் வந்து நின்றாள்.

“தள்ளிட்டாங்கன்னு ஆலையில சொல்றாங்க. நிஜமா சார்?”

“உன் மனு இன்னும் மன்றத்துக்கே வரலைம்மா.”

இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் சொன்ன மிகத் துல்லியமான வாக்கியம் அது. அவள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, தேவாலயக் கூடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பனியன்கள் நிறம் நிறமாக உட்கார்ந்தன. பெரிய செப்புக் கொப்பரையில் பொலெந்தா கொதித்தது. சாம்பெரெட்டிகள் அன்றைக்கு வேலை செய்தால் விழாவுக்கு இழுக்கு என்பதால், கிண்டிப் பரிமாற ஆள் அமர்த்தியிருந்தார்கள். கொப்பரையருகே துடுப்போடு நின்றவள் கெர்லின்.

இவோனெத்தே ஒலிபெருக்கியைப் பிடித்துப் பக்கம் நாற்பத்தேழைத் திறந்தார்.

“‘மாண்புமிகு ஐயா, நாங்கள் பதினோரு குடும்பங்கள். கடல் தாண்டி வந்தோம். விடியுமுன் வேலைக்குப் போகிறோம். நாள் முழுக்க இந்த ஊருக்காகக் கோழி சுத்தம் செய்கிறோம்.’”

“கோழிகூட வளர்த்திருக்காங்க பாருங்க,” என்று பாதிரியார் வியந்தார்.

“‘நாங்கள் திரும்பும்வரை எங்கள் பிள்ளைகள் குளிரில் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். வீடு கேட்கவில்லை. பூட்டிக் கிடக்கும் கொட்டகையில் பகலில் அவர்கள் இருக்க இடம் கொடுங்கள். கூட்டிப் பெருக்கி வைப்போம். ஒழுகுகிற கூரையை நாங்களே சரிசெய்வோம். கேட்க வெட்கமாக இருக்கிறது. பிள்ளைகளுக்காகக் கேட்கிறோம்.’”

இவோனெத்தேயின் குரல் உடைந்தது. பச்சைப் பனியன்கள் அழுதன. மஞ்சள் பனியன்கள் அழுதன. வால்டோமிரோ பனியனைத் தூக்கிச் சிங்கத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எந்தப் பாவி அன்னைக்கு இதுக்கு இடம் குடுக்காம இருந்தானோ, அவன் நல்லா இருப்பானா?” என்று கேட்டார்.

“இப்பவே குடுப்போம்,” என்றார் இவோனெத்தே. “இந்தக் கடிதத்தை எழுதின குடும்பங்களுக்கே அந்தக் கொட்டகை என்னைக்கும் சொந்தம். பித்தளையில அடிச்சு வாசல்ல வைப்போம். செயலர் எங்கே? ஒலீந்தோண்ணா, இதைத் தீர்மானமாவே போட முடியுமா?”

ஒலீந்தோ எழுந்தார். “ஏழு உறுப்பினரும் செயலரும் எங்கே இருக்காங்களோ அதுவே மன்றம். முப்பத்திரண்டாம் விதி. கை தூக்கினாப் போதும்.”

ஏழு கைகள் உயர்ந்தன. மூன்றில் கோழிக்கால் இருந்தது. தூங்குகிறவர்கூட அன்று விழித்திருந்தார். ஒலீந்தோ குறிப்பேட்டில் ஒரு சொல் பிசகாமல் எழுதி, ஏழு பேரிடமும் கையெழுத்து வாங்கினார். பிறகு கொப்பரைப் பக்கம் போனார்.

கெர்லின் துடுப்பைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். பொலெந்தா அடிப்பிடித்துக்கொண்டிருந்தது.

“சார், அது நான் எழுதினது.”

“ஆமாம்மா. இப்பத்தான் மன்றத்துக்கு வந்துச்சு.”

திங்கட்கிழமை எட்டு மணிக்குப் பதினோரு குடும்பங்கள் விளக்குமாறு, ஆணி, தகரத்துடன் வந்து சாவி கேட்டன. எட்டேகாலுக்கு இவோனெத்தே செயலர் அறைக்குள் புயலாக நுழைந்தார். ஒலீந்தோ இரண்டு மனுக்களையும், பெருக்கல் குறிகள் இருந்த படத்தையும், கெர்லின் ஒட்டித் தந்திருந்த உறையையும் மேசைமேல் பரப்பினார். இவோனெத்தே வாசிக்க வாசிக்க நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

“ரத்து பண்ணுண்ணா.”

“பண்ணலாம். ஏன் ரத்துன்னு பொதுக்கூட்டத்துல தலைவர் விளக்கணும். நாப்பதாம் விதி. நீ அழுததை எல்லாரும் படம் வேற பிடிச்சு வச்சிருக்காங்க.”

இவோனெத்தே சன்னல் வழியே எட்டிப் பார்த்தார். கொட்டகைக் கூரையில் யாரோ தகரம் அடிக்கும் சத்தம் கேட்டது.

“அப்போ வியாழக்கிழமை நாம விரட்டினது...”

“கொள்ளுத்தாத்தாவை. ஏகமனதா. வழிவந்தவங்கன்னு நீ ஒரு வரி சேர்த்தியே, அதனால நம்மளையும் சேர்த்து. அந்தச் சாவியைக் குடுத்துட்டுப் போ, வெளியில நிக்கிறாங்க.”

அவர் கைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். வாசல்வரை போய்த் திரும்பினார். குரல் மிகவும் இறங்கியிருந்தது.

“அண்ணா, அந்தக் கோழி... நிஜமாவே தானாத்தான் வந்துச்சா?”

“அவரு அப்படித்தான் சொன்னாரும்மா,” என்றார் ஒலீந்தோ. “நீங்க யாரும் நம்பலை.”