கவர் அண்ணாச்சி வீட்டு வைஃபை

கடவுள் திறந்து வைத்துப் படைத்ததையெல்லாம் மூடி வைப்பதற்காகவே பிறந்தவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் ராஜபாளையத்தில் எனக்கு எதிர்வீட்டில் இருந்தார். வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருந்ததால் கவர் அண்ணாச்சி. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. அந்தக் கார்டுக்கும் கவர் போட்டிருந்தார்.

அவர் வீட்டு சோபாவுக்குக் கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறை, அதன் மேல் ரெக்ஸின், அதன் மேல் பூப்போட்ட துணி. சித்திரை வெயிலில் அதில் உட்கார்ந்து எழுந்தவர்கள் மறுபடி அந்த வீட்டுக்கு வரும்போது நின்றுகொண்டே பேசுவார்கள். கேஸ் சிலிண்டர் பாவாடை கட்டியிருக்கும். டிவி ரிமோட்டின் எண்கள் உறைக்குள் மறைந்து போனதால் வீட்டிலுள்ளவர்கள் விரல் பழக்கத்தில்தான் சேனல் மாற்றுவார்கள். ஸ்கூட்டருக்கு அவர் தைத்த உறையில் பக்கிள்கள் அதிகம். அதைக் கழற்றுகிற நேரத்துக்குக் கடைக்கே போய்விடலாம் என்று நடந்தே போவார். ஒருமுறை பக்கத்து வீட்டு நாய்க்கு மழைக்கோட்டு தைத்து மாட்டினார். ராஜபாளையம் நாய், மானமுள்ளது. அன்றைக்கே ஊரை விட்டுப் போய்விட்டது. சேத்தூர் பக்கம் வயலில் கண்டுபிடித்தபோது கோட்டு இல்லை.

இந்த அண்ணாச்சிக்கு ஒரே மகள், பூரணி. சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை. வீட்டு மாடி அறையில் இருந்தபடியே பார்த்தாள். சீட் கவர் மாற்ற வருகிற ஒவ்வொருவரிடமும் அண்ணாச்சி ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வார்:

"எம் மக மாடில உக்காந்துக்கிட்டே வெளிநாட்டுக்காரனை வேலை வாங்குதா, தெரியும்லா?"

வந்தவர் தெரியும் என்றாலும் முழுதாகச் சொல்லி முடித்துத்தான் ஊசியை எடுப்பார்.

போன ஆடி மாதம் அந்தப் பெருமைக்கு ஆபத்து வந்தது. அவர்கள் வீட்டில் இருந்தது மெஷ் வைஃபை. முன்னறை, மாடிப்படி, பூரணியின் அறை என்று மூன்று இடத்தில் மூன்று பெட்டிகள். ஒன்று இன்னொன்றுக்கு சிக்னலைக் கைமாற்றிவிடும். ஆனால் மாடிக்குப் போய்ச் சேரும்போது சிக்னலுக்கு உயிர் இருக்காது. வீடியோ கூட்டத்தில் பூரணி பேசிக்கொண்டிருப்பாள். திரையில் வாய் திறந்தபடி சிலையாக நிற்பாள். வெள்ளிக்கிழமை வெளிநாட்டுக்காரர்களோடு பெரிய கூட்டம், அதிலும் இப்படி நின்றால் சென்னைக்கே வந்து ஆபீஸில் உட்கார வேண்டும் என்று அவளுடைய மேலாளர் சொல்லிவிட்டார்.

அண்ணாச்சி என்னிடம் ஓடி வந்தார். "சார், மெட்ராஸ்ல எம்புட்டுத் தூசி! பிள்ளை எப்படி இருக்கும்? இந்த மெஷ்ஷைத் தூக்கிப் போட்டுட்டுப் புது மாடல் வாங்கிரட்டுமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

தாலுகா அலுவலகத்தில் ஓய்வு பெற்றவனிடம் ஒரு வார்த்தை கேட்டால் கிடைக்காது. அரசாங்கத்தில் ஒரு மின்விசிறி வாங்குவதற்கே தேவை அறிக்கை, கள ஆய்வு, மூன்று இடத்தில் விலைப்புள்ளி, ஒப்பீட்டு அட்டவணை எல்லாம் உண்டு. நான் கள ஆய்விலிருந்து ஆரம்பித்தேன். போனைக் கையில் பிடித்து, அறை அறையாக நடந்து, வேகம் பார்த்துக் குறித்தேன். பெட்டிகளையும் பார்வையிட்டேன். "உபகரணங்கள் நன்கு பராமரிக்கப்படுகின்றன" என்று எழுதினேன்.

பூரணி மாடிப்படியில் நின்று பார்த்தாள். "மாமா, உங்க பைல் நகருறதுக்குள்ள நான் மெட்ராஸ்ல ரூம் பாத்துருவேன்."

"நடைமுறைன்னு ஒண்ணு இருக்கும்மா."

"வெள்ளிக்கிழமைன்னும் ஒண்ணு இருக்கு மாமா."

கடைசியில், வாங்குமுன் சோதனை ஓட்டம் என்று ஒரு விதி இருப்பது என் நினைவுக்கு வந்து அவளைக் காப்பாற்றியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் பக்கம் கடை வைத்திருக்கும் நெட்காரர், புதிய மாடல் ஒரு செட் கொண்டுவந்து மாட்டினார். பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் திருப்பிவிடலாம். மாட்டியதும் மாடியில் சிக்னல் பாய்ந்தது. பூரணி கைதட்டினாள். அண்ணாச்சி கடைக்குப் போய் மூன்று பேரிடம் சொன்னார். வாங்கலாம் என்று நானும் பரிந்துரை எழுதிவிட்டேன்.

மறுநாள் காலை பூரணி மறுபடியும் சிலையானாள்.

நெட்காரர் அடுத்த பஸ்ஸில் வந்தார். நேராக மாடிப்படிக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். புதுப் பெட்டி பழுப்பு நிறக் கோட்டு போட்டு, கழுத்து வரை பொத்தான் மாட்டிக்கொண்டு நின்றது.

"அண்ணாச்சி, என்ன இது?"

"கவர். நேத்து சாயந்திரம் தச்சது. அளவு எப்படி?"

"உள்ள ஏதோ மினுங்குதே?"

"வெள்ளித்தகடு ஒட்டுன ஷீட்டு. மாடி வெக்கை மிசினுக்கு ஆகாதுல்லா? பழைய பெட்டிக்கும் அதேதான் போட்டிருந்தேன்."

நெட்காரர் படியில் உட்கார்ந்தார். "அந்தத் தகடுதான் அண்ணாச்சி சிக்னலை வெளிய விடாம பிடிச்சு வச்சிருக்கு."

நான் கவரைக் கவனிக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். கோயிலுக்குப் போனவன் தூணைக் கவனிப்பானா? அந்த வீட்டில் கவர் இல்லாமல் ஏதாவது இருந்திருந்தால் கவனித்திருப்பேன்.

அண்ணாச்சியின் மனைவி பரணிலிருந்து பழைய பெட்டிகளை இறக்கினார். ஒவ்வொன்றாகச் சட்டையைக் கழற்றினார். "இது வெள்ளைக் கலரா! நான் இம்புட்டு நாளும் பழுப்புன்னுல்லா நெனச்சேன்" என்றார். மாட்டிப் பார்த்தோம். பழசே மாடியில் போதுமான வேகம் கொடுத்தது. புதுசு வாங்கத் தேவையில்லை என்று நெட்காரரே சொன்னார்.

விஷயம் முடிந்தது என்று நான் எழுந்தேன். அண்ணாச்சிக்கு அப்போதுதான் ஆரம்பித்தது. முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப இது அம்மணமாவா நிக்கும்?"

"ஆமா அண்ணாச்சி."

"புதுசே வாங்கிருதேன். கவரோட ஓடுத மாடல் ஒண்ணு இருந்தாக் குடுங்க."

"அப்படி ஒண்ணு வந்தா மொத போன் உங்களுக்குத்தான்."

"தகடு இல்லாம வெறும் துணி?"

"சிக்னல் போகும், சூடு போகாது. உள்ளேயே வெந்துரும்."

அண்ணாச்சி மாடியைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். கையிலிருந்த கோட்டை மடித்தார். அவ்வளவு நேரம் எடுத்து ஒரு துணியை மடித்தவரை நான் பார்த்ததில்லை. "சரி, பழசே இருக்கட்டும்" என்றார்.

வெள்ளிக்கிழமை ஆடிக்காற்று தெருப் புழுதியை அள்ளிக்கொண்டு வந்தது. அண்ணாச்சி கடை திறக்கவில்லை. மாடிப்படியில் பெட்டிக்குப் பக்கத்தில் தோள் துண்டைக் கையில் எடுத்து நின்றார். சாமிக்குச் சாமரம் வீசுகிறவர் மாதிரி தூசியை விரட்டிக்கொண்டே இருந்தார்.

"செத்த நேரம் உக்காருங்களேன்" என்றார் மனைவி.

"ஏட்டி, சத்தம் போடாத. எம் மக பேசுதா."

மேலே பூரணியின் ஆங்கிலம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சொல்கூடப் புரியாமலே அண்ணாச்சி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். அது எங்கேயும் நிற்கவில்லை என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது.

கூட்டம் முடிந்து பூரணி இறங்கி வந்தாள். "அப்பா, ஒரு இடத்துல கூட நிக்கல. இங்கேயே இருந்து வேலை பாக்கச் சொல்லிட்டாங்க!"

அண்ணாச்சி பெட்டியைக் காட்டினார். "ஒரு தூசி விழுந்திருக்கா பாரு."

சில மாதங்கள் கழித்து நான் வீடு மாறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தேன். புறப்படுகிற அன்று அண்ணாச்சி பெரிய மூட்டையோடு வந்தார். என் ஃப்ரிட்ஜ், மிக்ஸி, நாற்காலி எல்லாவற்றுக்கும் கேட்காமலே அளவெடுத்துத் தைத்திருந்தார்.

"வைஃபை பெட்டிக்கு மட்டும் தைக்கல சார். அது தெறந்தே கெடக்கட்டும். வெளிநாட்டுல இருந்து உங்க மகன் பேசும்போது படம் நிக்கக் கூடாதுல்லா?"

ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் பேசுகிறான். படம் நிற்பதில்லை. அண்ணாச்சியின் ரெக்ஸினில் முதுகு வேக உட்கார்ந்திருக்கிறேன். அதைக் கழற்றிவிடலாம்தான். மனசு வரவில்லை.