ஜெபக்கனி அம்மாளின் குருப்பட்டத்தை ஆட்சேபித்து

மயிலாப்பூர்,
சென்னை-4.
11-8-1994

மகா கனம் பொருந்திய பேராயர் ஐயா அவர்கள் சமுகத்துக்கு, மயிலாப்பூர் சபையைச் சேர்ந்த, ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற த. பொன்ராஜ் மிகுந்த பணிவுடன் எழுதிக்கொண்டது. ஸ்தோத்திரம். நானும் என் மனைவி தங்கபுஷ்பமும் தேவ கிருபையால் சுகம். தாங்களும் வீட்டிலுள்ளவர்களும் சுகமாயிருக்கவும், தங்கள் சர்க்கரை கட்டுக்குள் இருக்கவும் ஜெபிக்கிறோம். சர்க்கரை விஷயம் எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்க வேண்டாம். போன திடப்படுத்தல் ஆராதனைக்குப் பிறகு கொடுத்த காபியைத் தாங்கள் ஒரு வாய் குடித்துவிட்டு ஜன்னல் ஓரமாக வைத்ததை நான் கவனித்தேன்.

நிற்க. எங்கள் சபையில் உதவிகுருவாக இருக்கும் திருமதி ஜெபக்கனிக்கு இம்மாதம் 28-ஆம் தேதி தாங்கள் குருப்பட்டம் கொடுக்கப்போவதாகவும், ஆட்சேபனை இருப்பவர்கள் பதினைந்தாம் தேதிக்குள் எழுத்து மூலம் தங்களுக்குத் தெரிவிக்கலாம் என்றும் போன ஞாயிறு அறிவிப்பு வாசித்தார்கள். எனக்கு இருக்கிறது. வேறு சபைகளில் பத்துப் பன்னிரண்டு வருடமாகவே பெண்கள் குருப்பட்டம் வாங்குகிறார்களாம், வாங்கட்டும், எங்கள் சபைக்கு இதுதான் முதல் தடவை. இதுவரை அந்த அம்மாள் பிரசங்கம் பண்ணலாம், நற்கருணைக் கிண்ணத்தைப் பிடிக்கலாம், ஆனால் அப்பத்தை ஆசீர்வதிக்க முடியாது. 28-ஆம் தேதிக்கு மேல் அதுவும் முடியும். வண்டி கிளம்பிய பிறகு சோதித்து என்ன பிரயோஜனம்? ஆகையால் கடந்த மூன்று மாதமாக அவரை நான் என் சொந்தப் பொறுப்பில் கண்காணித்து வந்தேன்.

முதலாவது, எல்லாரையும் பார்த்துச் சிரிக்கிறார். முப்பத்திரண்டு வருட சர்வீஸில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வண்டி ஏறியவர்களில் பாதிப்பேரிடம் டிக்கெட் இருந்ததில்லை. இரண்டாவது, அவர் பிரசங்கம் பதினோரு நிமிஷத்தில் முடிகிறது. கைக்கடிகாரம் வைத்து ஆறு ஞாயிறு பார்த்துவிட்டேன். அவருக்கு முன்பிருந்த உதவிகுரு ஐம்பது நிமிஷத்துக்குக் குறைந்து இறங்கியதில்லை, நாங்களும் நிம்மதியாகத் தூங்கினோம். பதினோரு நிமிஷத்தில் ஒரு மனுஷி முடிக்கிறார் என்றால் மீதி முப்பத்தொன்பது நிமிஷத்தில் சொல்ல வேண்டியதை எங்கே வைத்திருக்கிறார் என்று யாராவது கேட்க வேண்டாமா.

மூன்றாவது, செவ்வாய்தோறும் காலை ஆறரை மணிக்கு ஒரு பையை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போகிறார். லஸ் முனையில் ஆட்டோ ஓட்டும் காதரை ஏற்பாடு செய்துகொண்டு பின்னாலேயே போனேன். காதர் திரும்பிப் பார்த்து, "இன்னா சார், அந்தம்மா மேல கேஸ் எதுனா கீதா? மழை பேஞ்சா நம்ம வண்டிலதான் சார் வருவாங்கோ. என்னையே கேட்டிருந்தா சொல்லிக்கீறேனே" என்றான். நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் பெண்கள் நடுவே மணலில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு சீசாவை எடுத்து, கண் ஆபரேஷன் ஆன ஒரு கிழவிக்குச் சொட்டு மருந்து விட்டார். அந்தக் கிழவி நம் சபை இல்லை, எந்தச் சபையும் இல்லை. சரி, ஆள் சேர்க்கத்தான் என்று நினைத்து ஒரு படகுக்குப் பின்னால் நின்று காது கொடுத்தேன். மருந்து விட்டார், கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார், அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை இல்லை. இதில் அவருக்கு என்ன லாபம் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அதற்குள் ஒரு மீன்காரம்மாள் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, மீனு வாங்க வந்தியா, வேவு பாக்க வந்தியா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கேட்க, நான் மீன் என்று சொல்லித் தொலைத்தேன். ஜெபக்கனி அம்மாள் எழுந்து வந்து, "அண்ணாச்சி, சங்கரா இன்னைக்குச் சுமார்தான், வஞ்சிரம் எடுங்க" என்று அவரே பார்த்து எடுத்து, நான் பை கொண்டுபோகாததால் தன் பையிலேயே போட்டுக் கொடுத்தார். வீட்டில் தங்கபுஷ்பம் மீனைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தாள். "இது ஜெபக்கனி பையில்லா" என்றாள். நான் குளிக்கப் போய்விட்டேன்.

நான்காவது, பெண்கள் ஐக்கியக் கூட்டம். ஆண்களுக்கு அனுமதியில்லை, ஆகவே வெளியே ஜன்னலடியில் நின்றேன். அந்தக் காலத்தில் எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பைபிள் உமன் என்று சில பெண்கள் ஒரு குடையும் வேதபுஸ்தகமுமாக ஊர் ஊராக நடந்து, வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்தும் ஜெபமும் சொல்லிக்கொடுத்தார்களே, அவர்கள்தான் நமக்கு முன்னோடிகள், ஆயுசுக்கும் நடந்தும் பிரசங்க பீடத்தின் நாலு படி ஏற அவர்களை விடவில்லை என்று ஜெபக்கனி அம்மாள் பேசினார். அதோடு விட்டாரா? அமெரிக்காவிலே கறுப்பினத்தாரின் சபை ஒன்றில் நூறு வருடத்துக்கு முன்பே ஒரு பெண்மணிக்குக் கைவைத்துப் பட்டம் கொடுத்தார்களாம். அதற்கு முன் அந்த அம்மாளைப் பிரசங்கம் பண்ணினாய் என்று சபையை விட்டே தள்ளினார்களாம். நூறு வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் நடந்ததை இங்கே மயிலாப்பூரில் யார் போய்ச் சரிபார்ப்பது? ஆனால் உள்ளே எட்டிப் பார்த்தால் தங்கபுஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அமெரிக்காக்காரி யாரோ, இவள் ஏன் அழ வேண்டும்?

ஐயா, இனி எழுதுவதுதான் முக்கியம். வியாழக்கிழமைகளில் மத்தியானம் நான் லைப்ரரிக்குப் போவது வழக்கம். ஒரு நாள் குடையை மறந்துவிட்டுப் பாதியில் திரும்பினேன். வாசலில் ஜெபக்கனி அம்மாளின் செருப்பு, உள் அறைக் கதவு தாழ்ப்பாள், தையல் மிஷின் சத்தம், அதற்கு மேலே தங்கபுஷ்பத்தின் சிரிப்பு. ஒரு மணி பத்து நிமிஷம் வெளியிலேயே நின்றேன். கல்யாணமாகி முப்பத்தேழு வருடம் ஆகிறது, அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த வாரம் இருவரும் பாண்டி பஜாரில் ஏழு மீட்டர் வெள்ளைத் துணி எடுத்ததை எதிர்க் கடையில் நின்று கண்ணால் கண்டேன். பிறகு மாட வீதிப் பக்கம் தையல்கடை வைத்திருக்கும் அக்பர் பாஷாவின் கடைக்குள் போய் வந்தார்கள். அவர்கள் போனதும் அவரை மடக்கினேன். "நான் இருபத்தஞ்சு வருசமா பாதிரிமாருக்கு அங்கி தைக்கிறேன் சார். அல்லாமே பேண்டு சட்டைக்கு மேல போடறது. பொடவைக்கு மேல போட்டா கொசுவம் எங்க போவும், முந்தானி எங்க போவும்? அவுங்க கேட்டதுக்கு என்கிட்ட பதிலு இல்ல சார். அதான் வூட்லயே தச்சிக்கிறோம்னு சொல்லிட்டுப் போறாங்கோ" என்றார். வீட்டுக்கு வந்து தங்கபுஷ்பத்தைக் கேட்டேன். "ஆமா, தைக்கேன்" என்றாள். என் வீட்டில், நான் வாங்கிக் கொடுத்த மிஷினில், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் குருவானவர் அங்கி தயாராகிறது ஐயா. இன்றைக்கு அங்கி தைக்கிறவள் நாளைக்கு என்ன செய்வாள் என்று தெரியவில்லை.

ஆகவே மேற்படி குருப்பட்டத்தை நிறுத்தி வைத்துத் தீர விசாரிக்கும்படி தாழ்மையுடன் ஆட்சேபிக்கிறேன். தங்கள் ஊழியம் செழிக்கவும், தங்கள் வீட்டு அம்மா அவர்களின் முழங்கால் வலி தீரவும் (படி இறங்குகையில் கவனித்தேன்) கர்த்தர் அருள்புரிவாராக.

இங்ஙனம்,
கீழ்ப்படிதலுள்ள,
த. பொன்ராஜ்

பின்குறிப்பு (13-8-94): கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் பசை எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது தங்கபுஷ்பம் மூன்றாம் பக்கத்தில் இருந்தாள். நிறுத்தாமல் கடைசிவரை வாசித்தாள். "சுருக்கா பேசுதா, கும்பிடாதவளுக்கும் மருந்து விடுதா. இதுல எதுங்க குத்தம்?" என்றாள். குற்றம் என்று எழுதவில்லை, சந்தேகம் என்றுதான் எழுதினேன் என்றேன். கடிதத்தை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்: "நம்ம கல்யாணத்துக்கு மூணு ஞாயிறு ஓலை வாசிச்சாங்க. ஆட்சேபனை உண்டான்னு சபையைக் கேட்டாங்க. நானும் அங்கதான் உக்காந்திருந்தேன். எனக்கு உண்டான்னு ஒருத்தரும் கேக்கல."

என்ன ஆட்சேபனை என்று கேட்டேன். டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். பைபிள் உமன் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது, 1957 ஜூன் பத்தாம் தேதி வந்து சேரவும் என்று எழுதியிருந்தது. எங்கள் கல்யாணம் ஜூன் ஐந்து. "உங்க மேல ஆட்சேபனை இல்ல. தேதி மேலதான்" என்றாள்.

அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன் ஐயா. தேதி, முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தது. குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. எத்தனையோ லட்சம் பேரிடம் காட்டு என்று கேட்டிருக்கிறேன், இவளிடம் மட்டும் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இவ்வளவு பக்கத்தையும் திருப்பி எழுதக் கை வரவில்லை. ஆகையால் மேலே ஆட்சேபனை என்று வருகிற இடத்திலெல்லாம் சிபாரிசு என்று வாசித்துக்கொள்ளவும். 28-ஆம் தேதி தாங்கள் சபையைப் பார்த்து, இவர் தகுதியுள்ளவர் என்று நம்புகிறீர்களா என்று கேட்பீர்கள் அல்லவா, கேட்டுவிட்டு உடனே அடுத்த வரிக்குப் போய்விட வேண்டாம். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் தங்கபுஷ்பம் இருப்பாள். அவளுக்குச் சத்தம் எழும்பக் கொஞ்சம் நேரம் ஆகும்.