கட்டிலை அறுத்துச் செய்த விமானம்

போனில் வீடியோ பார்த்து பிரியாணி செய்கிறவனை மன்னித்துவிடலாம். போனால் ஒரு வேளைச் சோறு போகும். நான் வீடியோ பார்த்து விமானம் செய்தவன்.

விமானம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரே ஆள் உட்காரும் கைரோபிளேன். தலைக்கு மேலே ஒரு விசிறி, முதுகுக்குப் பின்னால் எஞ்சினோடு இன்னொரு விசிறி. பின்விசிறி வண்டியைத் தள்ளும். வண்டி ஓட ஓட மேல்விசிறி காற்றில் தானாகச் சுற்றித் தூக்கிவிடும். வீடியோவில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா, டிபன் முடித்து வாக்கிங் போகிறவர் மாதிரி அதில் ஏறிப் போனார். (அவருக்கு வந்தால் எனக்கு வராதா? திருவொற்றியூர் லேத் பட்டறையில் பன்னிரண்டு வருஷம் ஃபிட்டர், சும்மாவா?)

எஞ்சின் புதுப்பேட்டையில் ஒரு பழைய காரிலிருந்து கிடைத்தது. மேல்விசிறியின் இறக்கை ஒன்று பதினோரு அடி, எங்கள் ஹால் பத்தடி. மீதி ஒரு அடி வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டார் அதில் துண்டு காயப்போட்டார்கள். இதையெல்லாம் என் மனைவி பிலோமினா பொறுத்துக்கொண்டாள். ஃபிரேமுக்குக் குழாய் போதவில்லை என்று, அவள் சீதனமாகக் கொண்டுவந்த இரும்புக் கட்டிலை நான் அறுத்த அன்று கல்மண்டபத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். (தலைமாட்டுப் பூ டிசைனை மட்டும் பத்திரமாக எடுத்துவைத்திருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். கோபம் இன்னும் ஏறியது. ஏனென்று அப்போது எனக்குப் புரியவே இல்லை.)

மூன்று வாரம் ஓட்டல் இட்லி. அறிவுள்ளவன் மெஷினைக் காயலான் கடையில் போட்டுவிட்டுப் பெண்டாட்டியை அழைத்து வந்திருப்பான். நான் மாமியார் வீட்டு வாசலில் நின்று, மெஷின் பறக்கும் என்று மாதா மேல் சத்தியம் செய்தேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

"ஒரு அடி. தரையிலேர்ந்து ஒரே ஒரு அடி தூக்கிக் காட்டு, பொட்டியத் தூக்கினு நானே வந்துர்றேன். தூக்கலன்னா இந்தப் பக்கமே வராத."

ஆக, என் குடும்ப வாழ்க்கை பன்னிரண்டு அங்குலத்தில் தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் எண்ணூர்க் கடலோரத்தில் கெட்டியான தரையாகப் பார்த்து மெஷினை இறக்கினோம். பிலோமினாவின் தம்பி அருள் ஃபைபர் படகு வைத்திருப்பவன். புதுப் படகுக்குச் செய்வதுபோல மெஷினுக்கு மாலை போட்டு, சொந்தக்காரர்களையும் கூட்டி வந்திருந்தான். எங்களுக்குப் பின்னால் பெண்கள் வலை விரித்து நெத்திலி காயப்போட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்குக் கருவாடு எப்படிக் கண்ணில் படும்?

ஹெல்மெட் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். பிலோமினா தள்ளி நின்று ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் தோற்க வேண்டும் என்று ஜெபிக்கிறாள் போல என்று மனசு கசந்தது.

ஆக்ஸிலேட்டரைத் திருகினேன். மெஷின் உதறியது, அலறியது, ஒரு அங்குலம் நகரவில்லை. இன்னும் திருகினேன். பின்னால் ஒரே கூச்சல். உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்து, பாவி நான், கையை வேறு உயர்த்திக் காட்டினேன்.

பறந்தது நெத்திலி. வலை வலையாக எழும்பி, சொந்தக்காரர்கள் தலையில் இறங்கி, பாதி கடலுக்கே திரும்பிப் போனது. கருவாடு காயப்போட்ட பெண்களில் ஒருத்தி துடைப்பத்தோடு ஓடி வந்த பிறகுதான் எஞ்சினை நிறுத்தினேன். அப்புறம்தான் கயிற்றைப் பார்த்தோம். மெஷினின் வாலிலிருந்து படகு கட்டும் முளை வரைக்கும், விறைப்பாக, நல்ல முடிச்சோடு.

அருள் தலையைச் சொறிந்தான். "பயக்க தோசம் மாமா. கரையில எது நின்னாலும் கை தானா கட்டிடுது."

அவனை அடிக்கப் போனேன். அதற்குள் பிலோமினா வந்து என் ஹெல்மெட்டிலிருந்து ஒரு நெத்திலியை எடுத்தாள். தலையெல்லாம் கருவாடு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு.

"ஒரு அடி கேட்டேன், பத்தடி பறக்க வுட்டுட்ட. வா, வூட்டுக்குப் போலாம்."

மெஷின் காயலான் கடைக்குப் போனது. புதுக் கட்டிலை அவளே பார்த்து வாங்கினாள், மரத்தில். (மரத்தை வெல்டு வைக்க முடியாதாம்.) நான் மட்டும் அதன்பின் ஆறு வருஷம், எந்த விசேஷத்திலும் அருளை விடவில்லை. அந்தக் கயிறு மட்டும் இல்லையென்றால் நான் பறந்திருப்பேன் என்று பந்தியில் உட்கார்ந்து புலம்புவேன். போன வருஷம் அவன் மகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"எத்தினி வருஷம் மாமா என்னியே திட்டுவ? அக்காதான் கட்டச் சொன்னுச்சி. மெஷின் போனா போவுது, இந்தாளு போயிட்டா நான் இன்னா பண்ணுவேன்னு அழுதுச்சி."

பிலோமினாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல், குருமா வேணுமா என்று கேட்டாள். நான் இலையை அவள் பக்கம் நகர்த்தினேன். ஊற்றிவிட்டுப் போனாள்.

அந்தக் கயிறு இப்போது எங்கள் மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடி. நான் பைக்கை எடுக்கும்போதெல்லாம் என் ஐந்து வயது மகள் உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறாள்: "அம்மா, அப்பா கெளம்புது. கயிறு எங்க?" தெருவே சிரிக்கிறது. நானும் கிளம்புவதற்கு முன் ஒரு தடவை பின்சக்கரத்தைத் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.