ஜங்லிகாட் சார்ஜரை புக் பண்ணிய பாவி

சௌல்தாரி,
தெற்கு அந்தமான்.

அன்பும் மரியாதையும் மிக்க மருமகன் டெர்வின் அவர்களுக்கு,

மாமா அல்போன்ஸ் எழுதிக்கொள்வது. புனித அந்தோணியார் தயவில் நானும் உங்கள் அத்தை ரீத்தாவும் நல்ல சுகம். அங்கே கோயம்புத்தூரில் நீங்களும் மகள் பெனிட்டாவும் நோய்நொடி இல்லாமல், ஆபீஸ் வேலை பெருகி, வேளாவேளைக்குச் சாப்பிட்டு இருக்க தினம் ஜெபமாலையில் கேட்டுக்கொள்கிறோம். இதையெல்லாம் வாட்ஸ்அப்பிலேயே எழுதியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். வாட்ஸ்அப்பில் நான் எவ்வளவு நீளமாக எழுதினாலும் பதிலுக்கு நீங்கள் ஒரு கட்டைவிரலைத்தான் காட்டுகிறீர்கள். கடிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது அல்லவா, அதனால்தான்.

முதலில் நன்றி. நீங்கள் வாங்கிக் கொடுத்த எலக்ட்ரிக் கார் தங்கமான வண்டி. சத்தமே இல்லை. சௌல்தாரி மாடுகள் ஹாரன் அடித்த பிறகுதான் அது வண்டி என்றே நம்புகின்றன. வீட்டில் சார்ஜ் போடலாம் என்றால், எங்கள் வீட்டு வயரிங் பார்த்த எலக்ட்ரீஷியன், இதில் காரை மாட்டினால் கார் ஓடும், வீடு இருக்காது என்று சொல்லிவிட்டான். ஆகவே ஊருக்குள் போய் ஜங்லிகாட் மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் சார்ஜரில்தான் போடுகிறேன். அதற்காக நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன் மூன்று ஆப் இறக்கிக் கொடுத்து, "மாமா, மூணையும் பாருங்க, எது தோதோ அத வச்சுக்கோங்க" என்று சொன்னீர்களே, அந்த நல்ல மனசுக்கும் நன்றி.

மூன்றையும் பார்த்தேன். பச்சை ஆப்பில் முதலில் பணத்தைப் போட வேண்டும், அப்புறம்தான் கரண்ட். போட்ட பணம் உண்டியலில் விழுந்த மாதிரி, திரும்ப எடுக்க வழி கிடையாது. நீல ஆப்பில் அந்தந்த நேரம் யூபிஐயில் கட்டினால் போதும், ஆனால் நீங்கள் அவசரத்தில் உங்கள் நம்பரைக் கொடுத்துப் பதிந்துவிட்டதால் மெசேஜ், ஓடிபி எல்லாம் கோயம்புத்தூருக்கு வருகிறது. மஞ்சள் ஆப்புக்கு ஒரு கார்டு உண்டு, மெஷினில் தட்டினால் ஓடும். கார்டு கப்பலில் வந்துகொண்டிருக்கிறது, எந்தக் கப்பல் என்று யாருக்கும் தெரியவில்லை. கார்டு வரும்வரை போனையே காட்டலாமாம். அந்த மஞ்சள் ஆப்பிடம் அருகில் உள்ள சார்ஜர் எது என்று முதல் நாள் கேட்டபோது கடலுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு மெயின்லேண்டில் ஏதோ ஒரு ஊரைக் காட்டியது. உங்கள் அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. கரண்டு போட்டுட்டு அப்படியே மகளையும் பாத்துட்டு வந்துருங்க" என்றாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அம்மா, எங்கள் மதிப்புக்குரிய சம்பந்தி சோபியா அம்மாள், முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்தது எங்களுக்குப் பெரிய பாக்கியம். எத்தனை பயந்துகொண்டிருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் கல்யாணத்துக்கு ஒரு மண்டபம் கைவிட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று நான் இரண்டு மண்டபம் புக் பண்ணி, உங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் காலி மண்டபத்தில் போய் உட்கார்ந்து பொண்ணு மாப்பிள்ளையைத் தேடினார்களே, அதிலிருந்து உங்கள் அம்மா என்னை "பெனிட்டா அப்பா" என்றுதான் கூப்பிடுவார்கள். முறைப்படி அண்ணன் என்று ஒரு வார்த்தை வரவில்லை. நானும் என்ன செய்ய மருமகனே, கப்பல் டிக்கெட் கவுண்ட்டரில் உட்கார்ந்தே தலை நரைத்தவன். இந்தத் தீவுகளில் காற்று கொஞ்சம் எழும்பினால் கப்பல் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் மூன்று தேதிக்கு, மூன்று பேர் பெயரில் டிக்கெட் போட்டு வைத்து, கிடைத்த கப்பலில் போய்விட்டு மற்றதை கேன்சல் பண்ணுவார்கள். ஒரே டிக்கெட்டை நம்பி வந்தவர்கள் என் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அழுததை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கம் எலும்போடு ஒட்டிவிட்டது.

உங்கள் சித்தி பக்கத்துத் தீவான ஹட் பேயில் பாதிரியாரை அழைத்துப் புதுவீடு மந்திரிக்கிறார்கள் என்று, அதற்காக உங்கள் அம்மா தூத்துக்குடியிலிருந்து கண்ணாடிக் கூட்டோடு ஒரு மாதா சுரூபம் கொண்டுவந்தார்கள். சென்னைக் கப்பலில் வந்த நாளெல்லாம் அதை மடியைவிட்டு இறக்கவில்லையாம். புறப்படும் நாளைக்கு முந்தின சாயங்காலம் என்னைப் பார்த்து, "பெனிட்டா அப்பா, இந்தக் கப்பல விட்டா மந்திரிப்பு முடிஞ்சப் பெறகுதான் அடுத்த கப்பலாம். ஆட்டோல போனா கண்ணாடி தங்காது. உங்க காருதான் சத்தமில்லாம குலுங்காம போவுது, அதுலயே ஃபீனிக்ஸ் பே ஜெட்டி வரைக்கும் கொண்டு விட்டுருங்க" என்றார்கள். எனக்கு அப்படியே மனசு குளிர்ந்துவிட்டது. கல்யாண மண்டபத்தை மறக்கடிக்க ஆண்டவர் கொடுத்த வாய்ப்பு இதுதான் என்று நினைத்தேன்.

ஆனால் வண்டூர் பீச், சிடியாடாப்பு என்று ஏசி போட்டு அவர்களைச் சுற்றிக் காட்டியதில் வண்டியில் கரண்ட் அடிமட்டத்துக்கு வந்திருந்தது. ஜங்லிகாட் வரை போகும், அங்கே ஒரு மணி நேரம் போட்டால்தான் மற்றது. கப்பல் மத்தியானம் பன்னிரண்டரைக்கு. சரி, காலையில் பத்து மணிக்கு சார்ஜரை புக் பண்ணுவோம் என்று பச்சை ஆப்பில் என் பெயரில் போட்டேன். பச்சை ஆப் கைவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம். அதே பத்து மணியை ரீத்தாவின் போனில் இருந்த நீல ஆப்பிலும் போடப் பார்த்தால், ஏற்கெனவே ஒருவர் எடுத்துவிட்டார் என்று சொல்லிற்று. யாராக இருக்கும்? சௌல்தாரியில் என்னைத் தவிர எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர் பக்கத்து வீட்டு காண்ட்ராக்டர் கணபதி ஒருவர்தான். அதுவும் நான் வாங்கின அடுத்த மாதமே, அதே நிறத்தில் வாங்கினவர். விடக் கூடாது என்று நீல ஆப்பில் பதினொன்றிலிருந்து பன்னிரண்டைப் போட்டேன். அதுவும் போதாது என்று உங்கள் அம்மாவின் போனை வாங்கி அதிலே மஞ்சள் ஆப்பை இறக்கி, எப்படிப் போடுவது என்று அவர்களுக்கும் சொல்லிக் கொடுத்து, பன்னிரண்டிலிருந்து ஒன்றை அவர்கள் பெயரில் போட்டேன். அது முடியுமுன்னே கப்பல் போய்விடும் என்பது அந்த அவசரத்தில் உறைக்கவில்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் உங்கள் அத்தை உங்கள் சித்திக்கென்று மீன் வறுக்க ஆரம்பித்தாள். எத்தனை மீன் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் இன்னும் நேரமாகியிருக்கும். ஜங்லிகாட் போய்ச் சேரும்போது பத்து மணி புக்கிங் காலாவதி, பச்சை ஆப் அபராதமும் எடுத்துக்கொண்டது. வண்டித் திரையில் ஒரு ஆமைப் படம் வந்துவிட்டது. ஆமை வந்தால் அதற்கப்புறம் வண்டி நகராது என்று அர்த்தமாம். சார்ஜர் காலியாகத்தான் நின்றது. வயரை மாட்டினால், வேறு ஒருவருக்காக ஒதுக்கப்பட்டுள்ளது என்று சிவப்பு எழுத்தில் காட்டுகிறது. எந்த மணியை எந்த ஆப்பில் போட்டேன் என்பது எனக்கே குழம்பிவிட்டது. ரீத்தாவின் போனைப் பார்க்கலாம் என்றால், அதை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

எங்களுக்கு முன்னாலேயே கணபதி அங்கே தன் காரோடு நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன கணபதி, ஊரு சார்ஜரையே குத்தகைக்கு எடுத்துட்டீரா?" என்று கேட்டேன். அவர் பாவம், "அண்ணாச்சி, நானே எவன் புக் பண்ணான்னு தெரியாம காலையிலருந்து காஞ்சுக்கிட்டு கெடக்கேன். பத்து மணிக்குப் போட்டவன் வரல. பதினோரு மணிக்காரனையும் காணோம்" என்றார். பக்கத்து டீக்கடை பெங்காலிக்காரர் வெளியே வந்து, "அங்கிள், யே கௌன் ஆத்மி ஹை? ஆத்தா நஹி, புக் கர்கே பைட்டா ஹை" என்று, புக் பண்ணிவிட்டு வராமல் இருக்கிற அந்த முகம் தெரியாத ஆளைத் திட்ட, நானும் விட்டேனா, "பஹுத் கராப் ஆத்மி, பாய். ரொம்ப மோசமான ஆளு. இவனயெல்லாம் ஊர விட்டே தள்ளணும்" என்று இரண்டு பாஷையிலும் சேர்ந்து திட்டினேன். உங்கள் அம்மா பின்சீட்டில் மாதாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "கப்பல் போயிருமோ பெனிட்டா அப்பா?" என்று கேட்டார்கள். அந்தக் குரலில் அதட்டல் இல்லை, அழுகை இருந்தது.

அந்த நேரத்தில்தான் உங்கள் போன் வந்தது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் என் போன் எப்போதும் ஸ்பீக்கரில் என்பதை மட்டும் நீங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். "மாமா, எவனோ ஒரு ஃப்ராடு என் பேர்ல ஜங்லிகாட் சார்ஜர புக் பண்ணி வச்சிருக்கான். உங்க சார்ஜர் காத்திருக்குன்னு மெசேஜ் மேல மெசேஜ் வருது. மீட்டிங்கில இருந்து எந்திரிச்சு வந்து அந்த நீல ஆப்ப லாக் பண்ணச் சொல்லிட்டேன். போலீசுக்குச் சொல்லவா?" என்றீர்கள். தெளிவாக, கணீரென்று. டீக்கடைக்காரர் கூட்டத்துக்கு ஹிந்தியில் மொழிபெயர்த்தார். கணபதி என்னைப் பார்த்தார். ரீத்தா என்னைப் பார்த்தாள். "ஏங்க, அந்தப் பத்து மணிக்காரனும் நீங்கதான?" என்றாள். உங்கள் அம்மா தன் போனை எடுத்துப் பார்த்து, "அப்போ இந்தப் பன்னெண்டு மணிக்காரி நானா?" என்றார்கள். ஆக, மூன்று மணி நேரம் ஜங்லிகாட்டை அடைத்து வைத்த பாவி நான் ஒருத்தன்தான். பன்னிரண்டு வரை காத்திருந்து போட்டால் கப்பல் போய்விடும்.

இனி நான் எழுதப்போவதை நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது. கணபதி தன் காரின் பின்கதவைத் திறந்தார். "வாங்கம்மா. என் வண்டில கொஞ்சம் கெடக்கு, ஜெட்டிக்குக் காணும். அண்ணாச்சி, நீங்க அந்தப் பக்கம் கூட்டப் பிடிங்க" என்றார். நான் திட்டின வாயின் ஈரம் காயுமுன்னே மாதா சுரூபத்தைத் தூக்கி வைக்க அவரே கைகொடுத்தார். முன்னால் டாஷ்போர்டில் அவருடைய பிள்ளையார், பின்னால் உங்கள் அம்மா, ரீத்தாவோடு எங்கள் மாதா, நடுவில் வறுத்த மீன் வாளியோடு நான். ஃபீனிக்ஸ் பே போய்ச் சேர்ந்தபோது கப்பலில் ஏணி எடுக்கும் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. கணபதி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து ஓடினோம். கண்ணாடியில் ஒரு கீறல் விழவில்லை.

ஏணியில் ஏறப் போன உங்கள் அம்மா நின்று திரும்பினார்கள். என்ன சொல்லப் போகிறார்களோ, இரண்டு மண்டபத்தையும் இழுப்பார்களோ என்று நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். "அண்ணே" என்றார்கள். "எங்க வீட்ல நான் எங்க போனாலும், போனவ வருவான்னு இருந்துருவாவ. என்னைய ஒரு கப்பல் ஏத்தி விட இம்புட்டுப் பதறுன ஆளு நீங்க ஒருத்தருதான். வாரேன் அண்ணே." சங்கு மறுபடி ஊதியதால் நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கே கேட்கவில்லை. கப்பல் முனை திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டு நின்றேன். கணபதிதான் தோளைத் தொட்டு, "வாங்க அண்ணாச்சி, உங்க ஆம அங்க தனியா நிக்கி" என்று கூட்டி வந்தார். முதலில் அவர் வண்டிக்குப் போடட்டும் என்று நான் காத்திருந்தேன். டீக்கடைக்காரர் எங்கள் டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். இவ்வளவு நல்ல வேடிக்கையை அவர் சும்மா பார்த்ததற்கு அதுதான் பதிலாம்.

ஆகவே, மருமகனே, எந்த ஆப் என்ற கேள்விக்கு முடிவு கண்டாயிற்று. உங்கள் அத்தைதான் தீர்த்து வைத்தாள். "எதுல போட்ட காசு திரும்ப வராதோ அத வச்சுக்கோங்க. மத்தத தூக்கிப் போடுங்க" என்றாள். எனவே பச்சை ஒன்றுதான். இனி ஒரு வண்டி, ஒரு ஆப், ஒரு புக்கிங் என்று அந்தோணியார் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிச் சத்தியம் செய்திருக்கிறேன். யார் மேலும், குறிப்பாகக் கணபதி மேல், விசாரிக்காமல் சந்தேகப்படுவதில்லை என்பதும் அதில் சேர்த்தி. நீங்கள் கார் வாங்கித் தராவிட்டால், மூன்று ஆப் இறக்கித் தராவிட்டால், அந்த நேரம் பார்த்து என்னை ஃப்ராடு என்று சொல்லாவிட்டால், எனக்கு ஒரு தங்கச்சி கிடைத்திருக்க மாட்டாள். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்.

பெனிட்டாவுக்கு அம்மா அப்பாவின் முத்தங்கள். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நெடுங்காலம் வாழ, கடல் தாண்டி இருந்து கை தூக்கி ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமா,
அல்போன்ஸ்.

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது இதைச் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. உங்கள் அம்மா திரும்பி வரும் நாளைக்கு என்று சத்தியப்படி பச்சை ஆப்பில் ஒரே ஒரு மணி நேரம் போடப் போனேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு இடமும் இல்லை, எல்லாம் எடுத்தாகிவிட்டது. நேரே கணபதி வீட்டுக்குப் போய், உதவி செய்கிற மாதிரி செய்துவிட்டு இப்படிப் பழி வாங்கலாமா என்று கேட்டேவிட்டேன். அவர் வாசலில் நான் நிற்கும்போதே ஹட் பேயிலிருந்து போன், வழக்கம்போல ஸ்பீக்கரில். "அண்ணே, என்னைய கூப்பிட வர்ற அன்னைக்கு நீங்க பதறக் கூடாது பாருங்க, அதான் மஞ்ச ஆப்புல சார்ஜர நானே போட்டுட்டேன். பாதி என் பேர்ல, பாதி இங்க என் தங்கச்சி பேர்ல." அண்ணே என்று கூப்பிட்டுச் சொல்லும்போது நான் என்ன சொல்ல முடியும், ரொம்ப சந்தோசம்மா என்றேன். ரீத்தா மீன் குழம்போடு கணபதி வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஒருவேளை அன்றைக்குக் கப்பல் வராவிட்டால் என்ன செய்வது என்று, நீல ஆப்காரர்களிடம் கெஞ்சிப் பூட்டைத் திறக்க வைத்து, மறுநாளைக்கும் ஒரு மணி நேரம் போட்டு வைத்திருக்கிறேன். உங்களுக்கு மெசேஜ் வந்தால் அது நான்தான், போலீசுக்குச் சொல்லிவிட வேண்டாம்.