சுருங்கிய மனிதரும் நான்காவது போண்டாவும்

படித்ததை எங்கே சொல்லக் கூடாது என்பதை எந்தப் பாடத்திட்டமும் கற்பிப்பதில்லை. இயற்பியல் முதுகலை முடித்திருந்த நான், அதை மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக் கூடத்தில், பெண்பார்க்க வந்தவர்கள் முன்னிலையில் கற்றுக்கொண்டேன்.

சேகர் அணுசக்தி நகரில் பொறியாளர். தாயார் மங்களம் மாமியுடன் வந்திருந்தார். முன்பு வந்த ஐவரிடம் ஏற்படாத ஒன்று, அவர் வாசலில் செருப்பை நேராக்கி வைத்தபோதே எனக்கு ஏற்பட்டுவிட்டது. (காதல் என்று எழுத இன்றும் கூச்சம்.) இந்த வரன் அமைய வேண்டுமென்று முதன்முறையாக நானே விரும்பினேன்.

"சினிமால்லாம் பார்ப்பேளா?" என்று கேட்டேன்.

"மனுஷாளை எறும்பாட்டம் சுருக்கிடுவாளே, அந்த மாதிரிப் படம்னா உயிர்."

புன்னகைத்திருக்கலாம். "அது நடக்காது" என்றேன்.

அம்மா இருமினாள். நான் நிறுத்தவில்லை. எடை குறையாமல் உருவம் மட்டும் குறைந்தால், கால் ஊன்றும் இடத்தில் தரை ஓட்டையாகிவிடும். கீழ் ஃபிளாட்டுக்காரர் தலையில்தான் இறங்க வேண்டும். அணுக்களை எடுத்து எடையைக் குறைத்தாலோ, மிஞ்சுகிற மூளைக்குச் சொந்தப் பெயர்கூட நினைவிருக்காது. சேகர் முன்னால் சாய்ந்து கேட்டார். அந்த ஆர்வம்தான் என்னைக் கெடுத்தது.

"இன்னும் கேளுங்கோ. உடம்பு சின்னதாக ஆக, சூடு சீக்கிரம் வெளியே போயிடும். அதனால சின்ன உருவமா இருக்கறவா சாப்பிட்டுண்டே இருக்கணும். மூஞ்சூறு சித்த நேரம் வாயை மூடினா உயிரே போயிடும்!"

மங்களம் மாமியின் உயரம் நாலரை அடி. அவருடைய கை, நான்காவது போண்டாவின்மேல் அப்படியே நின்றிருந்தது.

அந்தக் கணமே நான் சுருங்கி மறைய வேண்டுமென்று வேண்டினேன். அறிவியல் இடம் தரவில்லை.

"கெளம்புடா, பஸ்ல கூட்டம் வந்துடும்" என்று மாமி எழுந்தார்.

பதினோரு நாட்கள் தகவலே இல்லை. "மூஞ்சூறையே கல்யாணம் பண்ணிக்கோ" என்றாள் அம்மா. நான் சாப்பாட்டையே வெறுத்திருந்தேன். பன்னிரண்டாம் நாள் தொலைபேசியில் மாமியே பேசினார்: "சேகர் வேற பொண்ணே பார்க்க மாட்டேங்கறான். எனக்கும் சம்மதம். ஒரே கண்டிஷன், என் தட்டுல இருக்கறதை எண்ணப்படாது."

இருபத்திரண்டு ஆண்டுகளாக எந்த விசேஷப் பந்தியிலும் அவர் குரல் ஒலிக்கும்: "இந்த மூஞ்சூறுக்கு இன்னொண்ணு போடுங்கோ!" பந்தியே சிரிக்கும், நான் இலையைப் பார்ப்பேன்.

சென்ற மாதம் செம்பூரில் மருத்துவர் அளந்தபோது, மாமி இரண்டு அங்குலம் குறைந்திருந்தார். ஆட்டோவில் என் தோளைத் தட்டினார்: "சுருங்க முடியாதுன்னியே, இப்போ என்னடி சொல்றே?"

வீட்டுக்கு வந்ததும் நான்கு போண்டா பொரித்து மாமியின் தட்டில் வைத்தேன்.

நிபந்தனைப்படி நான் எண்ணவில்லை. மாமி கை கழுவப் போனபோது தட்டில் மூன்று மீதியிருந்தன.